பதினைந்து வயதில் 'போய் வா' என்றார்கள்: நீல் டெய்லரும் நம் பிள்ளைகளும்

ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகள் ஒரு பட்டியல் வெளியிடும். அடுத்த சீசனுக்கு யார் தொடர்கிறார், யாருக்கு விடை கொடுக்கிறார்கள் என்ற பட்டியல். பெரிய வீரர்களின் பெயர் இருந்தால் அது செய்தியாகும், டிவியில் விவாதமாகும். ஆனால் சீசனின் ஏதாவது ஒரு கட்டத்தில் இதே முடிவைக் கேட்டுவிட்டு, அப்பாவின் காரில் பேசாமல் வீடு திரும்பும் 10 வயது, 12 வயது, 15 வயதுப் பையன்களைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. அந்தக் கார்களில் சில நம்முடையவை. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, மிச்சம், சட்டன் பக்கம் போகும் கார்கள்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் ஒரு கிளப் அகாடமியில் நான்கு வருடம் ஆடினான். வாரத்தில் மூன்று மாலை பயிற்சி, ஞாயிறு மேட்ச். 14 வயதில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். நான் விசாரித்தபோது அண்ணன் சொன்னது இது: "தம்பி, அவன்ர ஃபுட்போல் கதை முடிஞ்சுது. இனி படிப்பைப் பாக்கட்டும்." அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு சுமை இறங்கிய நிம்மதிகூட இருந்தது. பையன் மாடியில் இருந்தான், கீழே வரவில்லை.

அண்ணன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். நாம் தேர்வுகளால் வளர்ந்த சமூகம். ஊரில் பிளஸ் டூ, ஏ லெவல், நுழைவுத் தேர்வு. இங்கே வந்தால் லெவன் பிளஸ், கிராமர் ஸ்கூல், ஜிசிஎஸ்இ. ஒரு நாள், ஒரு மதிப்பெண், உள்ளே அல்லது வெளியே. அகாடமியையும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். அது தப்பான கண்ணாடி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி, 2022 அக்டோபரில் 33 வயதில் ஓய்வு பெற்ற நீல் டெய்லர்.

யார் இந்த நீல் டெய்லர்?

பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரர் என்று தோன்றும். அம்மா கொல்கத்தாவைச் சேர்ந்த வங்காளி, அப்பா வேல்ஸ்காரர். 1989 பிப்ரவரியில் வட வேல்ஸின் செயின்ட் ஆசஃபில் பிறந்தவர். சிறுவயதில் மான்செஸ்டர் சிட்டி அகாடமியில் சேர்ந்தார். 15 வயதில் அங்கிருந்து விடுவிக்கப்பட்டார். நம் கணக்குப்படி அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும்.

அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ரெக்ஸம் கிளப்புக்குப் போனார். இன்று ஹாலிவுட் நடிகர்கள் வாங்கியதால் ரெக்ஸம் உலகத்துக்கே தெரியும். அன்று அப்படி இல்லை. 2008இல் அந்த கிளப் நான்காம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்கு இறங்கியது. லீக்கை விட்டே வெளியே போன மாதிரி. டெய்லரும் அணியோடு இறங்கினார். 19, 20 வயதில் மழையிலும் சேற்றிலும் சிறிய மைதானங்களில் ஆடினார். அங்கே ஆடிக்கொண்டே வேல்ஸ் தேசிய அணி வரை போனார். 2010இல் முதல் சர்வதேச ஆட்டம். அதே வருடம் ஸ்வான்சி சிட்டி அவரை எடுத்தது. இரண்டு கிளப்புகளும் விலையில் ஒத்துப்போகாததால் நடுவர் குழு 150,000 பவுண்டு என்று முடிவு செய்தது. கால்பந்து உலகில் இது சில்லறைக் காசு.

ஸ்வான்சியில் முதல் சீசனிலேயே ஒரு பெரிய தவறு செய்தார். 2011 மே மாதம், ப்ரீமியர் லீகுக்குப் போவதற்கான ப்ளே-ஆஃப் அரையிறுதி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் காலை உயரத் தூக்கி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்க ஸ்வான்சி பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து 0-0 என்று முடித்தது. பிறகு வெம்ப்ளியில் ரெடிங்கை 4-2 என்று வென்று, ப்ரீமியர் லீகில் ஆடும் முதல் வேல்ஸ் கிளப் ஆனது. அந்த இறுதி ஆட்டத்தில் அவர் தடையில் இருந்தார், ஆட முடியவில்லை.

ஆனால் அடுத்த சீசனில் ப்ரீமியர் லீகில் ஸ்வான்சியின் நிரந்தர லெஃப்ட் பேக் அவர்தான். இரண்டு வருடம் முன்பு ஐந்தாம் நிலையில் ஆடியவர், இப்போது தன்னை வேண்டாம் என்ற மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அதே லீகில் நிற்கிறார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரயன் கிக்ஸ் தலைமையில் ஆடிய பிரிட்டன் அணியிலும் இருந்தார்.

உச்சிக்குப் போன அந்த வருடமே அடியும் விழுந்தது. ஒலிம்பிக் முடிந்து சில வாரங்களில், 2012 செப்டம்பர் 1, சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் எலும்பு முறிந்து மூட்டும் விலகியது. சீசனின் பெரும்பகுதி போனது. அந்த இடைவெளியில் அவர் இடத்துக்கு வந்த சின்னப் பையன் பென் டேவிஸ் அசத்தினார். 2013 பிப்ரவரியில் ஸ்வான்சி லீக் கோப்பையை வென்றபோது டெய்லர் காயத்தில் இருந்தார். இரண்டாவது முறையாக, அணி வெம்ப்ளியில் கொண்டாடுகிறது, இவர் ஆடவில்லை.

2014இல் பென் டேவிஸ் டாட்டன்ஹாமுக்குப் போனார். டெய்லர் தன் இடத்தைத் திரும்பப் பிடித்தார். 2016 யூரோ கோப்பையில் இருவருமே வேல்ஸ் அணியில் சேர்ந்து ஆடினார்கள். ஒருவர் தடுப்பின் மையத்தில், ஒருவர் இடது ஓரத்தில். ஜூன் 20, துலூஸ் நகரில் ரஷ்யாவுக்கு எதிராக டெய்லர் ஒரு கோல் போட்டார். முதல் உதை கோல்கீப்பர் மேல் பட்டுத் திரும்பியது, இரண்டாவது உதை உள்ளே போனது. ரெக்ஸம் காலத்துக்குப் பிறகு, ஆறு வருடத்தில் அவர் போட்ட முதல் கோல் அது. வேல்ஸுக்காக 43 ஆட்டங்களில் அவர் போட்ட ஒரே கோலும் அதுதான். வேல்ஸ் அரையிறுதி வரை போனது.

அடுத்த வருடம் மறுபடி ஒரு இருட்டு. 2017 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் போட்ட மோசமான டேக்கிளில் ஷேமஸ் கோல்மனின் கால் உடைந்தது. சிவப்பு அட்டை, தடை, நாடு முழுக்கத் திட்டு. கணுக்கால் உடைந்து கிடந்த வலியை அறிந்த ஒருவர் இன்னொருவரின் காலை உடைத்தார். கோல்மன் மீண்டு வந்தார். டெய்லரும் மீண்டு வந்தார்.

அதற்குள் அவர் ஆஸ்டன் வில்லாவுக்கு மாறியிருந்தார். 2019 மே 27, மறுபடி வெம்ப்ளி, மறுபடி ப்ளே-ஆஃப் இறுதி. இந்த முறை லெஃப்ட் பேக்காக அவரே இறங்கினார். டார்பியை 2-1 என்று வென்று வில்லா ப்ரீமியர் லீகுக்குத் திரும்பியது. 2021இல் வில்லாவை விட்டு விலகி, சில மாதம் கிளப் இல்லாமல் இருந்து, மிடில்ஸ்பரோவுக்குக் கொஞ்ச காலம் ஆடி, ஓய்வு பெற்றார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. டெய்லர் மெஸ்ஸி இல்லை, ரொனால்டோ இல்லை. சுவரில் போஸ்டர் ஒட்டும் ரகமும் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய கால்பந்து வாழ்க்கை, கிடைத்தால், பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். ஏறுமுகம், இறங்குமுகம், ஒருவர் 'வேண்டாம்' என்பது, வேறொருவர் 'வா' என்பது. போஸ்டர் வீரர்களின் கதையைப் படித்து வளரும் பையனுக்கு முதல் நிராகரிப்பு உலகத்தின் முடிவாகத் தெரியும். டெய்லரின் கதையைப் படித்தவனுக்கு அது ஒரு வளைவாகத் தெரியும்.

அகாடமி ஏன் இவ்வளவு பேரைத் தவறவிடுகிறது?

நான் கோவையில் பொறியியல் படித்து, இங்கே மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எதையும் ஒரு சிஸ்டமாகப் பார்ப்பது தொழில் வியாதி. அப்படிப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது.

2012இல் இங்கிலாந்தில் அகாடமிகளை வகைப்படுத்தும் புதிய திட்டம் வந்தது. முதல் வகை முதல் நான்காம் வகை வரை பிரிவுகள். முறைப்படி 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பதிவு தொடங்கும். 16 வயது வரை இடையிடையே வடிகட்டல். 16இல் தேறினால் இரண்டு வருட ஸ்காலர்ஷிப். அதன் முடிவில்தான் தொழில்முறை ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பது தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வருபவர்களை விட வெளியே போகிறவர்கள் அதிகம். ஒரு கிளப்பின் முதல் அணியில் இருபத்தைந்து இடம்தான், அதிலும் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வாங்குகிறார்கள். ஆக வெளியே அனுப்புவதுதான் இந்த சிஸ்டத்தின் சாதாரண வேலை. உள்ளே வைத்துக்கொள்வது விதிவிலக்கு.

அதோடு, குழந்தைகளைக் கணிப்பது கஷ்டம். இங்கே பள்ளி வருடம் செப்டம்பர் 1இல் தொடங்குகிறது, கால்பந்து வயதுப் பிரிவும் அப்படியே. செப்டம்பரில் பிறந்த பையனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பத்து வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய வித்தியாசம். ஒருவன் ஒரு தலை உயரமாக இருப்பான். அகாடமிகளில் இலையுதிர் காலத்தில் பிறந்த பையன்கள் அதிகமாகவும், கோடையில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். உங்கள் மகன் ஜூலையில் பிறந்தவனாக இருந்தால், 'உடம்பு போதாது' என்ற வார்த்தையைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஹாரி கேன் ஜூலையில் பிறந்தவர். சிறு பையனாக ஆர்சனலில் இருந்து அனுப்பப்பட்டார். பிறகு இங்கிலாந்துக்காக அதிக கோல் போட்டவர் ஆனார். எபரெச்சி எஸே ஜூனில் பிறந்தவர். தென்கிழக்கு லண்டன் பையன். 13 வயதில் ஆர்சனல் 'வேண்டாம்' என்றது. ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால் என்று சுற்றி, மில்வாலும் அனுப்பியது. 2016இல் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது, 2020இல் கிரிஸ்டல் பேலஸ். 2025 மே மாதம் வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான எஃப்ஏ கோப்பை இறுதியில் ஒரே கோலைப் போட்டு பேலஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே கோடையில் ஆர்சனல் அவரைப் பெரும் விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. பழைய தலைமுறையில் இயன் ரைட்: வுல்விச்சில் பிறந்து, கட்டுமான வேலை பார்த்துக்கொண்டு உள்ளூர் அணிகளில் ஆடியவர். 1985இல், 22 வயது ஆகப்போகும்போதுதான் கிரிஸ்டல் பேலஸில் சேர்ந்தார். ஆர்சனலுக்காக 185 கோல் போட்டார்.

இவர்கள் விதிவிலக்குகள் என்பது உண்மைதான். அனுப்பப்பட்ட எல்லோரும் எஸே ஆவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. இவர்கள் எல்லோருக்கும் இரண்டாவது கதவு ஒன்று இருந்தது. அதைத் தட்ட யாரோ கூடப் போனார்கள்.

நமக்கு இல்லாதது இரண்டாவது கதவு

2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகையில் இந்திய, பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியினர் சேர்ந்து சுமார் 7 சதவீதம். இதில் எண்ணப்படாத இலங்கைத் தமிழர்கள் தனி. ஆனால் தொழில்முறைக் கால்பந்து வீரர்களில் தெற்காசியப் பின்னணி கொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஃபுல்ஹாமுக்கு ஆடிய சேஷ் ரெஹ்மான், நியூகாசிலின் மைக்கேல் சோப்ரா, டெய்லர், லெஸ்டரின் ஹம்சா சௌத்ரி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பல வருடம் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் உடம்பு சரிப்படாது, சாப்பாடு சரியில்லை, கிரிக்கெட் மட்டும்தான் பிடிக்கும், பெற்றோர் படிப்பு படிப்பு என்பார்கள். முதல் மூன்றும் வெறும் சாக்கு. குருநகரிலும் நாவாந்துறையிலும் மன்னாரிலும் உதைபந்தாட்டம் எப்படி ஆடுவார்கள் என்று தெரிந்தவர் யாரும் 'தமிழனுக்கு இது வராது' என்று சொல்ல மாட்டார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் இலங்கை அளவில் கோப்பை தூக்கியவர்கள். வடசென்னை வியாசர்பாடியில் பிறந்த பையன்கள் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள்.

நான்காவது காரணத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பெற்றோர் படிப்பை விரும்புவது பிரச்சினையே இல்லை. கதவு ஒன்றுதான் என்று நினைப்பதுதான் பிரச்சினை.

தமிழ்நாட்டில் என்னோடு படித்தவர்களுக்கு ஒரு உதாரணம் உடனே புரியும். இறுதி ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூ வரும். பெரிய கம்பெனி வரும், ஒரே நாளில் நூறு பேரை எடுக்கும், மீதிப் பேர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் போய் உட்காருவார்கள். அவர்கள் எல்லாம் இன்று வேலையில்லாமலா இருக்கிறார்கள்? பெங்களூரில் சீனியர் ரூமில் தங்கி, ஆஃப்-கேம்பஸ் அலைந்து, சின்ன கம்பெனியில் கம்மிச் சம்பளத்துக்குச் சேர்ந்து, இரண்டு வருடம் நன்றாகக் கற்று, அப்புறம் பெரிய இடத்துக்குத் தாவினார்கள். கேம்பஸில் எடுக்கப்பட்டவர்களை முந்தியவர்களும் உண்டு. டெய்லருக்கு மான்செஸ்டர் சிட்டி கேம்பஸ் என்றால் ரெக்ஸம் ஆஃப்-கேம்பஸ். இது நமக்குப் புரியாத தத்துவமே இல்லை. ஐ.டி.யில் புரிகிறது, கால்பந்தில் புரியவில்லை.

ஏன்? ஐ.டி.யில் நமக்கு சீனியர் இருந்தார். 'இந்த கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பு, நான் சொல்கிறேன்' என்று சொல்ல ஆள் இருந்தது. கால்பந்தில் இல்லை. அகாடமியிலிருந்து வெளியே வந்த பக்கத்து வீட்டு ஜாக்குக்கு, மாமா ஆடிய உள்ளூர் கிளப் இருக்கிறது. அந்த கோச்சுக்கு ஒரு போன் போதும். நம் வீட்டு கார்த்திக்கின் மாமாவுக்கு அந்த மைதானம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. திறமையில் இருவருக்கும் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். வித்தியாசம் அந்த ஒரு போன் காலில் இருக்கிறது.

நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடையில் நடத்தும் போட்டிகள் அருமையானவை. ரோல்ஸும் சோடாவும், மைக்கில் ஊர்ப் பெயர் சொல்லிக் கத்தும் கூட்டமும், அது ஒரு திருவிழா. ஆனால் பிள்ளையின் ஆட்டம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தால், ஸ்கவுட் கண்ணில் படாது. அவர்கள் வாராவாரம் நடக்கும், பதிவு செய்யப்பட்ட இளையோர் லீகுகளில்தான் ஆள் தேடுகிறார்கள். திருவிழாவும் வேண்டும், வாராந்திர லீகும் வேண்டும்.

நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் மைதானங்கள்

இங்கிலாந்தில் மேல் நான்கு நிலைகளில் 92 கிளப்புகள். அதற்குக் கீழே படிக்கட்டு போலப் பல நிலைகள், நூற்றுக்கணக்கான கிளப்புகள். இந்தப் படிக்கட்டில் ஏறவும் முடியும், இறங்கவும் முடியும் என்பதுதான் இந்த நாட்டுக் கால்பந்தின் அழகு. விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தபோது ரசிகர்களே புதிதாகத் தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டன், ஒன்பதாம் நிலையில் ஆரம்பித்து 2011இல் நான்காம் நிலைக்கு ஏறியது. சட்டன் யுனைடெட் 2021இல் முதல் முறையாக நான்காம் நிலைக்குப் போய் 2024இல் இறங்கியது.

லண்டன் தமிழர் வாழும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். டூட்டிங், மிச்சம் பக்கம் இருப்பவர்களுக்கு டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட். சட்டனில் கேண்டர் கிரீன் லேன். தெற்கு ஹாரோவில் ஹாரோ பரோ. ரைஸ்லிப்பில் வீல்ட்ஸ்டோன். ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட்காரர்களுக்கு டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ். கோயிலுக்குப் போகும் தூரத்தில் எல்லாமே இருக்கிறது. ப்ரீமியர் லீக் டிக்கெட் விலையில் ஒரு பங்குக்கு மொத்தக் குடும்பமும் உள்ளே போகலாம். சனிக்கிழமை மதியம் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிவியில் பார்ப்பது போல இல்லாமல், நிஜ வேகம், நிஜ மோதல், அருகிலிருந்து தெரியும். கோச் யார், இளையோர் அணி எப்போது பயிற்சி செய்கிறது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அடுத்த தலைமுறைக்கு 'மாமா ஆடிய கிளப்' என்று ஒன்று வேண்டுமென்றால், அது இப்படித்தான் தொடங்கும்.

மேலிருந்தும் சில முயற்சிகள் வந்திருக்கின்றன. வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏ, ஆசிய வம்சாவளி இளம் வீரர்களை மூத்தவர்களோடு இணைக்கும் வழிகாட்டித் திட்டம் நடத்துகிறது. ப்ரீமியர் லீக் 2022இல் தெற்காசியப் பிள்ளைகளுக்கென ஒரு செயல்திட்டம் தொடங்கி, சின்ன வயதினருக்கான போட்டிகளை நடத்துகிறது. நல்லது. ஆனால் மேலிருந்து வரும் திட்டம் முதல் கதவைத்தான் திறக்கும். 15 வயதில் அந்தக் கதவு மூடினால், இரண்டாவது கதவு வரை பிள்ளையைக் கூட்டிப்போவது வீட்டின் வேலை, சமூகத்தின் வேலை.

இதற்கு நம்மிடமே ஒரு உதாரணம் உருவாகிவருகிறது. விமல் யோகநாதன், 2006இல் பிறந்த ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட இளைஞர், பிரிட்டனில் தொழில்முறைக் கால்பந்து ஆடிய முதல் தமிழர் என்று அறியப்படுபவர். லிவர்பூல் அகாடமியில் சிறுவயதில் இருந்தவர், பார்ன்ஸ்லிக்கு மாறி, 2024இல் அதன் முதல் அணியில் ஆடினார். அவரும் டெய்லரைப் போலவே வட வேல்ஸ் மண்ணில் வளர்ந்தவர் என்பது தற்செயல். பெரிய கிளப்பிலிருந்து சின்ன கிளப்புக்குப் போய் அங்கிருந்து மேலே வந்தார் என்பது தற்செயல் இல்லை.

படிப்பா, பந்தா?

இந்தக் கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது. நானும் டெய்லரும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. 33 வயதில் என் துறையில் ஒருவர் டீம் லீடாகிறார், வீட்டுக் கடன் எடுக்கிறார். அதே 33இல் அவர் ஓய்வு பெறுகிறார். ப்ரீமியர் லீக், ஒலிம்பிக், யூரோ அரையிறுதி எல்லாம் பார்த்த ஒருவருக்கே பாதி வாழ்க்கைக்கு மேல் மீதி இருக்கிறது. அவர் கணுக்கால் 23 வயதிலேயே உடைந்தது. திரும்ப முடியாமலும் போயிருக்கலாம். ஆகவே கால்பந்து ஆடும் பிள்ளைக்குப் படிப்பு மற்றவர்களை விட அதிகமாகத் தேவை. பந்துக்குப் பதிலாக இல்லை, பந்துக்குப் பிறகு.

16 வயதில் கிடைக்கும் அகாடமி ஸ்காலர்ஷிப்பிலேயே கல்வியும் சேர்ந்திருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. கீழ்நிலை கிளப்புகளில் ஆடிக்கொண்டே ஏ லெவல் படிக்கிறவர்கள் உண்டு, பல்கலைக்கழகம் போகிறவர்கள் உண்டு. ஆக 14 வயதில் ஷூவைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போடச் சொல்ல எந்த அவசரமும் இல்லை. வாரம் ஐந்து நாள் டியூஷன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, அதன் பிறகு மிருதங்கம் அல்லது பரதம் என்று நிரம்பி வழியும் அட்டவணையில் எதையாவது குறைக்க வேண்டுமென்றால், முதலில் பிள்ளையைக் கேளுங்கள்.

ஆடும் பிள்ளைகளுக்கு, டெய்லரின் வாழ்க்கையை வைத்து நான் சொல்லக்கூடியது நான்கு விஷயம்.

ஒன்று, இறங்கி ஆட வெட்கப்படாதே. டெய்லர் 18 வயதிலேயே பெரியவர்களோடு மோதி ஆடியதால்தான் 22இல் ப்ரீமியர் லீகில் நிற்க முடிந்தது. பெரிய கிளப்பின் ஜெர்சியோடு பெஞ்சில் உட்காருவதை விட, சின்ன கிளப்பில் வாராவாரம் 90 நிமிடம் ஆடுவது மேல்.

இரண்டு, கவர்ச்சியில்லாத இடத்தைப் பிடி. எல்லாப் பையன்களும் ஸ்ட்ரைக்கர் ஆக ஆசைப்படுகிறார்கள். டெய்லர் இடது காலால் ஆடும் தடுப்பாளர், அது எப்போதும் தட்டுப்பாடான சரக்கு. 43 சர்வதேச ஆட்டத்தில் ஒரு கோல் போதுமாக இருந்தது.

மூன்று, உன் இடத்தில் ஆடுபவன் எதிரி இல்லை. பென் டேவிஸ் அவர் இடத்தை எடுத்துக்கொண்டார். பிறகு இருவரும் ஒரே தேசிய அணியில் தோளோடு தோள் நின்றார்கள்.

நான்கு, உன் தவறு உன்னுடையது. முதல் நிமிடச் சிவப்பு அட்டையும், கோல்மனின் காலும் டெய்லர் பெயரோடு எப்போதும் இருக்கும். அதைச் சுமந்துகொண்டே அடுத்த சனிக்கிழமை ஆட வந்தார். அதுவும் ஒரு திறமைதான்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. பதிவு பெற்ற அகாடமி உங்களிடம் கட்டணம் வாங்காது. பெரிய கிளப்பின் சின்னம் போட்ட விடுமுறைக் கால முகாம் காசு வாங்கும். அது நல்ல முகாமாக இருக்கலாம், ஆனால் அது அகாடமி அல்ல. 'ட்ரையல் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்' என்பவரையும், 12 வயதுப் பிள்ளைக்கு ஏஜென்ட் ஆகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நம் ஆசையை விற்றுக் காசாக்கும் ஆட்கள் நம்மவர்களிலும் உண்டு. இதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும். 2022இல் வெம்ப்ளியிலும் 2025இல் பாசலிலும் இங்கிலாந்துப் பெண்கள் யூரோ கோப்பையை வென்ற பிறகு, அந்தக் கதவுகள் அகலமாகியிருக்கின்றன.

நாம் இந்த நாட்டுக்கு வந்த கதையை யோசித்துப் பாருங்கள். யார் நேர்வழியில் வந்தோம்? ஒரு விசா மறுக்கப்பட்டு, இன்னொன்று கிடைத்து. ஒரு நாட்டில் இறங்கி, வேறு நாட்டில் தங்கி. படித்தது ஒன்று, முதலில் பார்த்த வேலை பெட்ரோல் ஸ்டேஷனில், கடையில், கிடங்கில். இரண்டாவது, மூன்றாவது கதவைத் தட்டித்தான் நம்மில் பாதிப் பேர் இங்கே வீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறோம். முதல் நிராகரிப்பு கடைசித் தீர்ப்பு இல்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நம் பிள்ளைகளிடம் சொல்லத்தான் மறந்துவிட்டோம். 15 வயதில் வீடு திரும்பும் அந்தக் காரில் அப்பாவோ அம்மாவோ முதலில் சொல்லும் வாக்கியம், அகாடமி கொடுத்த கடிதத்தை விட முக்கியமானது.